நகையும் பூவும்: ஒரு ஜப்பானிய விளையாட்டில் ஞாயிற்றுத் தெய்வம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘அயல்நாட்டுப் படைப்புகளில் நகைச்சுவை’ என்பது. ஒரு நாடகத்தைப் பற்றியோ ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றியோ நான் பேசுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வீடியோ கேம். தொலைக்காட்சித் திரையின் முன்னே அமர்ந்து, கைக்குள் அடங்கும் ஒரு கருவியின் பொத்தான்களை அழுத்திப் பிள்ளைகள் ஆடுகின்றார்களே, அதுதான். இச்சொல்லைக் கேட்டவுடன் பின்வரிசையில் இருவர் தேநீர் அருந்த எழுந்ததைக் கண்டேன். அவர்கள் திரும்பி வரும்போது நாம் ஒரு குகை வாயிலில் நின்றுகொண்டிருப்போம். அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

அவ்விளையாட்டின் பெயர் ‘ஓகாமி’. ஜப்பானில் ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனத்தைச் சார்ந்த கிளோவர் ஸ்டூடியோ என்னும் பட்டறையில் உருவாகி, 2006ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிளேஸ்டேஷன் 2 என்னும் கருவிக்கென வெளிவந்தது. இயக்கியவர் ஹிதேகி காமியா. பின்னர் வேறு கருவிகளுக்கும் கணினிக்கும் ஏற்ப மாற்றப்பெற்று இன்றும் ஆடக் கிடைக்கின்றது. என் தங்கை மகள் வழியாக அது எனக்கு அறிமுகமாயிற்று. அவள் ஆடி முடித்துவிட்டுப் போனபின் இரண்டு திங்கள் மாலைப் பொழுதுகளை நான் அதற்குக் கொடுத்தேன்.

அதன் பொருள் ஜப்பானியரின் தொல்சமயமாகிய ஷின்தோ. மலையிலும் மரத்திலும் அருவியிலும் நெல்லிலும் தெய்வம் உறைவதாகக் கொள்ளும் சமயம் அது; தெய்வங்களின் தொகை எண்பது இலட்சம் என்பது அவர்கள் வழக்கு. அவருள் தலையாயவள் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெராசு. இவ்விளையாட்டில் ஆடுபவர் இயக்கும் உருவம் அவளே. ஆயின் மணிமுடியும் பட்டாடையும் பூண்டு அவள் வரவில்லை. ஒரு வெள்ளை ஓநாயாக வருகின்றாள். உடலில் சிவந்த கோலங்கள் உண்டு. நம்பிக்கை உடையோர்க்கே அவை புலப்படும். ஊரார் பலருக்கும் அவள் வெறும் வெள்ளை ஓநாய், சிலருக்கு நாய். பேச்சு அவளுக்கு இல்லை. பிறர் நீண்ட உரை நிகழ்த்தும்போது கொட்டாவி விடுவாள். (இங்கும் அந்தத் தெய்வம் ஓரிரு இருக்கைகளில் எழுந்தருளியிருப்பதைக் காண்கின்றேன்.)

தலைப்பிலேயே நகை தொடங்கிவிடுகின்றது. ‘ஓகாமி’ என்று ஒலிக்கும் சொல்லை ஒரு வகையாக எழுதினால் ‘பெருந்தெய்வம்’ எனவும், மற்றொரு வகையாக எழுதினால் ‘ஓநாய்’ எனவும் பொருள்படும். ஒலியில் வேறுபாடு சிறிதும் இல்லை. நாம் சிலேடை என்போமே, அதுவேதான். ஒரு சிலேடையைக் கண்டுபிடித்துவிட்டு அதனைச் சுற்றி நாற்பது மணி நேரக் காப்பியம் ஒன்றைக் கட்டும் துணிவு நம் சிலேடைப் புலவர்க்கும் வந்ததில்லை.

இத்தகைய விளையாட்டுகளில் ‘திறந்த உலகு’ என்றொரு வகையைக் கூறுவர். கதை ஒருபுறம் காத்திருக்க, ஆடுபவர் தம் விருப்பம்போல் வயலிலும் காட்டிலும் ஊரிலும் திரியலாம். ‘ஓகாமி’ முழுமையான திறந்த உலகு அன்று. அதன் நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே கதவு திறக்கும். திறந்தபின் அங்கே வேண்டுமட்டும் அலையலாம். எண்தலைப் பாம்பு ஊரை விழுங்கக் காத்திருக்கும் வேளையில், நம் தெய்வம் தானியம் வாங்கிச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துக்கொண்டிருக்கலாம். அதனைக் குற்றம் என்று விளையாட்டு கருதவில்லை. மாறாக அதற்கே பயன் தருகின்றது. பட்ட மரத்தைப் பூக்கச் செய்தாலும், பசித்த விலங்குக்கு உணவிட்டாலும், ஒரு கிழவியின் சிறு கவலையைத் தீர்த்தாலும் ‘போற்றி’ என்னும் ஒன்று தெய்வத்துக்குச் சேர்கின்றது. அப்போற்றியைக் கொண்டே அவள் தன் உயிரையும் மசியையும் பெருக்கிக்கொள்ள இயலும்.

மசி என்றேன். அவளுடைய படைக்கலங்களுள் தலையாயது தூரிகை. பொத்தானை அழுத்தியவுடன் காட்சி அசைவற்று ஒரு வரைதாளாக மாறுகின்றது. வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் ஞாயிறு எழும். பிறைக்கோடு வரைந்தால் இரவாகித் திங்கள் தோன்றும். பட்ட மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் அது பூக்கும். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் பாறை இரு கூறாகும். இவ்வாறு 13 ஆற்றல்கள். அவற்றுள் ஞாயிறு வரைதல் அவளுடையதேயாக, ஏனையவற்றை எலி, குரங்கு, பூனை முதலிய விலங்குத் தெய்வங்கள் அவளுக்கு மீட்டுக் கொடுக்கின்றன. அவற்றுள் ஆட்டுத் தெய்வம் மதுக்குடுவையோடு தள்ளாடி வருகின்றது. ஆக்கியோர் முதலில் காட்டையும் மேட்டையும் கண்ணால் காண்பதுபோல் காட்டவே முயன்றனர். அக்காலக் கருவிக்கு அந்த வலிமை போதவில்லை. ஆகவே மசியோவிய முறைக்கு மாறினர். அம்மாற்றத்திலிருந்து தூரிகை என்னும் எண்ணம் பிறந்தது. யாப்பின் நெருக்கடியிலே எதிர்பாராத சொல் வந்து விழுவதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

இனி அந்தத் தூரிகையைக் கொண்டு ஞாயிற்றுத் தெய்வம் செய்யும் முதற்பணிகளை நோக்குங்கள். காமிகி என்னும் சிற்றூரில் ஒரு மூதாட்டியின் துணி உலர்த்தும் கழி முறிந்து கிடக்கின்றது. தெய்வம் அதனைத் தூரிகையால் ஒட்டிக் கொடுக்கின்றாள். துணி காய வேண்டுமே? வானில் ஒரு வட்டம். உலகுக்கெல்லாம் ஒளி தரும் ஞாயிறு, ஒரு கிழவியின் ஈரத்துணிக்காக எழுகின்றது. அந்த இடத்தில் நான் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தேன்.

அவள் கணவரோ அவளினும் வேடிக்கையானவர். கள்ளுண்ட களிப்பில் ஊரின் புனித மரத்தின் முன்னே இடுப்பை வளைத்து ஆடுகின்றார். அவர் ஆட, ஓநாய் ஒருபுறம் நின்று தூரிகையை ஓட்ட, மரம் பூத்துக் குலுங்குகின்றது. தம் ஆட்டத்தினாலேயே மரம் பூத்தது என்று கிழவர் பூரிக்கின்றார். ‘இல்லை’ என்று சொல்ல ஓநாய்க்கு வாயில்லை. சொல்லும் விருப்பமும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆட்டம், சிரிப்பு, பூத்தல், ஒளி: இவை ஏன் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன? தேநீர் அருந்தச் சென்றவர்களும் திரும்பிவிட்டார்கள்; நாம் இப்போது குகை வாயிலுக்குச் செல்லலாம்.

ஜப்பானியரின் மிகப் பழைய நூலாகிய ‘கொஜிகி’ 712ஆம் ஆண்டு தொகுக்கப்பெற்றது. அமதெராசுவின் உடன்பிறந்தான் சுசானோ செய்த அட்டூழியங்களைப் பொறாது அவள் ஒரு பாறைக்குகைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்ட வரலாறு அதில் உள்ளது. வானும் மண்ணும் இருண்டன. எண்பது இலட்சம் தெய்வங்களும் ஆற்றங்கரையில் கூடி ஆய்ந்தனர். சேவல்களைக் கூவச் செய்தனர், மரத்தில் மணிகளையும் கண்ணாடியையும் தொங்கவிட்டனர், மந்திரம் ஓதினர். பின்னர் உசுமே என்னும் பெண் தெய்வம் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, ஆடை நெகிழ, நாணம் துறந்து, தொம் தொம்மென மிதித்து ஆடினாள். கூடியிருந்த தெய்வங்கள் அனைவரும் வானம் அதிரச் சிரித்தனர். ‘நான் இல்லாமல் உலகம் இருண்டிருக்க, இவர்கள் எதற்குச் சிரிக்கின்றார்கள்?’ என்று அறியும் ஆவலால் அமதெராசு கதவைச் சிறிதே திறந்தாள். கண்ணாடியில் தன் ஒளியையே கண்டு மேலும் ஓரடி வைத்தாள். மறைந்து நின்ற வலிய தெய்வம் ஒன்று கைப்பற்றி வெளியே இழுக்க, உலகுக்கு மீண்டும் விடியல் வந்தது.

மந்திரமும் மணிகளும் முன்னரே இருந்தன என்பதை மறவாதீர்கள். கதவைத் திறந்தது சிரிப்பு. அதுவும் எத்தகைய சிரிப்பு! பண்பட்ட அவைகளில் நாம் விலக்கும் சிரிப்பு. ககுரா என்னும் அவர்தம் தெய்வ ஆடல் உசுமேயின் அந்த ஆட்டத்திலிருந்தே வந்ததாகக் கொள்வர். தென் ஜப்பானில் தகச்சிஹோ மலையூர்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவெல்லாம் ஆடப்பெறும் 33 ககுரா ஆடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் உலகைப் படைத்த தெய்வ இணையர் அரிசி மது வடித்து, மயங்கி, ஒருவரையொருவர் தழுவி, பார்ப்போர் நடுவிலும் புகுந்து குறும்பு செய்வர். ஊரார் அதனை வழிபாடாகவே காண்கின்றனர். கியோத்தோவின் கோசான்ஜி மடத்துப் பழைய ஓவியச் சுருளிலே தவளை புத்தராக அமர்ந்திருக்க, குரங்கு பூசை செய்கின்றது. அச்சுருளைப் பாதுகாத்து வந்தது மடமேயாம். ஆகவே ‘ஓகாமி’யை ஆக்கியோர் சமயத்தின்மேல் நகைச்சுவையை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டனர்.

இனி ஒரு சொல். ‘கொஜிகி’ சீன எழுத்துகளால் எழுதப்பெற்ற நூல். தெய்வங்கள் ஒருங்கே சிரித்தனர் என்னும் அவ்விடத்தில் சிரித்தலுக்கு இடப்பட்டிருக்கும் எழுத்து யாது தெரியுமா? இன்றைய ஜப்பானியத்தில் ‘பூத்தல்’ என்னும் வினைக்கு எழுதப்படும் அதே எழுத்து. சீனத்தில் அது சிரித்தலைக் குறித்தது; ஜப்பானில் காலப்போக்கில் மலர்தலுக்கு உரியதாயிற்று. பழைய நூலை இன்றைய கண்ணால் நோக்கும் ஜப்பானியச் சிறுவனுக்கு, குகை வாயிலில் எண்பது இலட்சம் தெய்வங்கள் பூத்தனர் என்றே தோன்றக்கூடும். நம் மொழியிலோ ‘நகு’ என்னும் வினைக்குச் சிரித்தல், மலர்தல், ஒளிவிடுதல் என்னும் மூன்று பொருளையும் அகராதி தருகின்றது. அந்தக் குகைக் கதை முழுவதும் ஒரு தமிழ் வினைச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது! ஜப்பான் என்றதும் பேராசிரியர் சுசுமு ஓனோ அவர்களின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கை நம் மேடைகளில் எழுவது வழக்கம். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை; நான் அவ்வழக்குக்குள் நுழையவும் இல்லை. என் சான்றை அதற்கு யாரும் பயன்படுத்த வேண்டா. இரு வேறு மக்கள் பூவைப் பார்த்து ஒன்றையே எண்ணினர் என்பதே எனக்குப் போதும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்தபோது நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும் கூறினார். அந்நான்கும் ‘ஓகாமி’யில் உள. உசுமேயின் ஆட்டத்துக்குக் கிளம்பிய சிரிப்பை மட்டும் அந்நான்கனுள் எதனுள் அடக்குவது என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே எவரும் எள்ளப்படவில்லை; எவரும் பேதையும் அல்லர். இருளில் கூடி நின்றோர் அச்சம் நீங்கச் சிரித்த சிரிப்பு அது. இங்குள்ள புலவர்கள் இதனை ஆய்ந்து ஒரு கட்டுரை வரைந்தால் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு நல்லதொரு பொருளாகும்.

இவ்வளவும் நகைக்கு இடம் கொடுத்த சமயத்தின்மீது ஒரு காலம் காவல் போடப்பட்டதையும் சொல்ல வேண்டும். 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி, பேரரசர் அமதெராசுவின் வழித்தோன்றல் என்பதை அரசின் அடித்தளமாக்கிற்று. ஷின்தோ என்பது வானத்தை வணங்கிய தொல்வழக்கம் என்று வரலாற்று நோக்கில் கட்டுரை எழுதிய குமே குனிதாகே என்னும் பேராசிரியர் 1892இல் தோக்கியோ பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1907இன் தண்டனைச் சட்டமோ, பேரரசரை அவமதிப்பதோடு, அமதெராசு உறையும் இசே திருக்கோயிலை அவமதிப்பதையும் குற்றமாக்கி, ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை வகுத்தது. அத்தெய்வத்தின் பெயரால் படைகள் சென்றன. 1945 டிசம்பரில், போரில் வென்று நாட்டைத் தம் ஆளுகையில் வைத்திருந்த நேசநாட்டவர் ஆணையால் அரசும் ஷின்தோவும் பிரிக்கப்பட்டன. 1947இல் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அமதெராசு மீண்டும் ஒரு குகைக்குள் இருந்தாள் என்பது என் கருத்து. இம்முறை கதவை அடைத்தவர்கள் அவளுடைய பற்றாளர்கள்.

அந்தப் பின்னணியில் 2006ஆம் ஆண்டின் விளையாட்டை நோக்குங்கள். அதில் ஒரு போர்ப் பயிற்சிக்கூடம் உண்டு. அதன் ஆசானுக்குச் ‘சோற்றுருண்டை’ என்று பெயர். அமதெராசு அவருக்குப் பணம் செலுத்திப் புதிய போர்முறைகளைக் கற்கலாம். அவையோர் பொறுத்தருள்க: அவற்றுள் ஒன்று, பகைவர் மேல் காலைத் தூக்கிச் சிறுநீர் பெய்தல். அதனினும் ஒருபடி மேலான மற்றொன்றும் உண்டு, அதை ஊகித்துக்கொள்ளுங்கள். இசே திருக்கோயிலில் 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பெறும் தூய மரக் கருவறையில் உறையும் அதே தெய்வம்! ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதனை வரைந்தவன் சிறையில் இருந்திருப்பான். இன்று அந்த ஓநாயை ஆட்டுவித்த பிள்ளைகள் ஞாயிறு எழும்போது, ‘அமதெராசு’ என்று பெயர் சொல்லி மகிழ்கின்றார்கள். என் தங்கை மகள் சொல்லக் கேட்டேன். எந்தச் சட்டம் அப்பெயரை அவள் நாவில் ஏற்றியிருக்கும்?

சென்ற ஆண்டு இவ்வட்டத்தில் ஓர் இளங்கவிஞர் படித்த கவிதையை நினைத்துக்கொள்கின்றேன். பிள்ளையாரை ஊருக்கு அழைத்துச் செல்லும் ஒருவன், பேருந்தில் அவருக்கு இரண்டு பயணச்சீட்டு எடுக்க நேர்கின்றது. மடியில் இருக்கும் எலிக்கு அரைச் சீட்டு. சிலர் சிரித்தோம். சிலர் எழுந்து, இது தெய்வ நிந்தை, வரவிருக்கும் பத்தாண்டு மலரில் இடம்பெறலாகாது என்றனர். மலர்க்குழு இன்னும் முடிவு காணவில்லை என அறிகின்றேன். எழுந்தவர்கள் என் மதிப்புக்குரிய மூத்தோர். காளமேகத்தின் வசைப்பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லி நம்மைச் சிரிக்க வைப்பவர்களும் அவர்களேதாம். ஐந்நூறு ஆண்டு கடந்த நகையைப் போற்றுகின்றோம். சென்ற திங்கள் பிறந்த நகையைப் பார்த்து அஞ்சுகின்றோம்.

எல்லாச் சிரிப்பும் ஒன்றே என நான் வாதிடவில்லை. வலியவன் எளியவனுடைய தெய்வத்தைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. அது கதவை மேலும் இறுக அடைக்கும். அவ்விளையாட்டிலேயே அந்த வேறுபாடு தெளிவாகக் காட்டப்பட்டிருக்கின்றது. அதற்குச் சுசானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

‘கொஜிகி’யில் எண்தலைப் பாம்பாகிய ஒரோச்சியை மது ஊட்டிக் கொன்று கன்னியைக் காத்த வீரன் சுசானோ. விளையாட்டிலோ அப்பெயருடையவன் ஒரு வீரனின் வழிவந்த சோம்பேறி. உலகின் மாவீரன் என்று தன்னையே பறைசாற்றுகின்றான். பகை வந்தால் ஒளிகின்றான். அவன் மரவாளை ஓங்கும்போது, ஆடுபவர் மறைவில் தூரிகையால் கோடு இழுக்க வேண்டும், பாறை பிளக்கின்றது. ‘என்னே என் வலிமை!’ என்று அவன் வியக்கின்றான். ஒருமுறை, இருமுறை, பலமுறை. நகை முழுவதும் பேதைமையின்பாற் பட்டது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னர்த் தெரிகின்றது, முன்னோரின் புகழ் அவன் தோளில் எத்துணைச் சுமை என்று. அந்தப் பழங்கதை பொய் என்று காட்டவே அவன் புனித வாளைப் பிடுங்கினான்; அதனாலேயே பாம்பு விடுதலை பெற்றது. தான் விரும்பும் குஷி என்பாள் பலியாகத் தானே முன்வந்து சென்றபோது, அஞ்சிக்கொண்டே அவனும் செல்கின்றான். அவனைப் பார்த்துச் சிரித்த விளையாட்டு, அவனைக் கைவிடவில்லை. பாறை பிளந்த பொழுதெல்லாம் ஓநாய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சிரித்தபின் எங்கே நிற்கின்றோம் என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்வேன். அந்த இளங்கவிஞருடைய கவிதையின் இறுதியில் பிள்ளையார் சன்னலோரத்தில் உறங்கிவிடுகின்றார். அழைத்துச் செல்பவன் தன் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்துகின்றான். மலர்க்குழு அவ்வரிகளை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகின்றேன்.

இன்னும் ஒருவனைப் பற்றிச் சொல்லவில்லை. கவிஞர்கள் அவனைத்தான் கவனிக்க வேண்டும். ஓநாயின் மூக்கின்மேல் ஒரு பூச்சி அளவே உள்ள ஒருவன் குதித்துக்கொண்டே வருகின்றான். பெயர் இஸ்ஸுன், ஊர் ஊராகத் திரியும் ஓவியன். வாயாடி, பெண்களைக் கண்டால் வழிபவன், தெய்வத்தை ‘மயிர்ப்பந்தே’ என்று விளிப்பவன். தெய்வத்துக்குப் பேச்சில்லாமையால் பேச்செல்லாம் இவனே. இவனுடைய குலத்துக்கு ஒரு கடமை உண்டு: தெய்வத்தின் உருவைத் தீட்டி ஊர்தோறும் காட்டி, மக்கள் மனத்தில் நம்பிக்கையை விதைத்தல். அக்கடமைக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடி வந்தவன் இவன். ஏச்சும் கேலியும் அந்த அச்சத்தின் மறைப்பு.

இறுதிப் போருக்கு அமதெராசு ஏறிச் செல்லும் கலத்தில் மனிதர்க்கு இடமில்லை. இஸ்ஸுன் கரையில் நின்றுவிடுகின்றான். அங்கே பேரிருளின் தலைவன் அவளுடைய தூரிகை ஆற்றல்களை எல்லாம் பறித்துவிடுகின்றான். வானில் வட்டம் வரையவும் இயலாமல் ஞாயிற்றுத் தெய்வம் தரையில் கிடக்கின்றாள். அவ்வேளையில், கீழே, அந்தச் சிறு வாயாடி தான் தீட்டிய படங்களை ஏந்திக்கொண்டு ஊர் ஊராகச் செல்கின்றான். உங்களுடைய துணி உலர்ந்தது யாரால்? உங்கள் மரம் பூத்தது யாரால்? நீங்கள் நாய் என்று எண்ணிய அது யார்? மூதாட்டியும் ஆடிய கிழவரும் சுசானோவும் நிமிர்ந்து பார்க்கின்றார்கள், வேண்டுகின்றார்கள். அந்த வேண்டுதல்கள் மேலே சென்று சேர, தெய்வம் எழுகின்றாள்.

தெய்வத்துக்கும் மக்களுக்கும் நடுவே நின்று அவளைக் காட்டித் தரும் பணி, அந்த உலகில் ஒரு பூசகருக்கு அளிக்கப்படவில்லை. வம்பும் வழிசலும் மிக்க ஓவியனுக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. அவனிடம் நான் பொறாமை கொள்கின்றேன். ஓரிடத்தில் எனக்கு வருத்தமும் உண்டு. பெண்களைப் பற்றி அவன் உதிர்க்கும் பேச்சுகள் தொடக்கத்தில் அவன் இயல்பைக் காட்டுகின்றன. பின்னர் அவை அளவிறந்து, எழுதியோரின் இயல்பைக் காட்டத் தொடங்குகின்றன. உசுமே தானே விரும்பி ஆடினாள். சிரிப்பை அவளே ஆண்டாள். இங்கே பெண்கள் பார்க்கப்படுகின்றனர், அவ்வளவே. வடபுலத்து மக்களாக வருவோர் ஐனு தொல்குடியினரை ஒட்டிப் படைக்கப்பட்டவர்கள். அவர்களைத் தொல்குடி என ஜப்பானிய நாடாளுமன்றம் தீர்மானமாக ஒப்பியதே 2008இல்தான். அதற்கு ஈராண்டு முந்திய இவ்விளையாட்டு அவர்களை அன்போடுதான் காட்டுகின்றது. ஆயினும் முகமூடி அணிந்து ஓநாயாக மாறும் விந்தை மாந்தராக மட்டும். அப்பகுதியில் கதையும் தளர்கின்றது.

படைப்பின் பின்வரலாறு நம்மைப் போன்ற சிற்றிதழ்க்காரர்க்குப் பழக்கமானதே. திறனாய்வாளர் போற்றினர், ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் விருதுகளும் வந்தன. வாங்குவோர் வரவில்லை. வெளிவந்த அதே ஆண்டின் அக்டோபரில் கிளோவர் பட்டறையைக் கலைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2008இல் வேறொரு கருவிக்கான மறுபதிப்பு வந்தபோது, அட்டைப்படத்தில் இணையத் தளம் ஒன்றின் முத்திரை அழிக்கப்படாமலே அச்சாகிவிட்டது. நம் மலரின் அச்சுப் பிழைகளைக் கண்டு வருந்தும் செயலர் அவர்கள் இதனால் சற்று ஆறுதல் பெறலாம். ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் பட்டம் பெற்றவற்றுள் மிகக் குறைவாக விற்றது என்று கின்னஸ் நூலிலும் பின்னர் இடம் பெற்றது. ஆயினும் ஆடியவர்கள் அதனை விடவில்லை. ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தனர். 2012, 2017, 2018 எனப் புதிய பதிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. 2024 டிசம்பரில், காமியா அவர்களே இயக்கத் தொடர்ச்சி ஒன்று உருவாகின்றது என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. அதற்கென வெளியிட்ட சிறு காட்சியில் கதையும் இல்லை, போரும் இல்லை. ஒரு வெள்ளை ஓநாய் ஓடுகின்றது. அதன் அடிச்சுவடுகளில் பூக்கள் எழுகின்றன.